பயில்வானுக்கு எதற்கு ஓபரா?

"குஸ்திக்காரன் ஒருவன் ஓபரா மீது பைத்தியமாக அலைகிற பழைய போலந்துப் படம் ஒன்று உண்டாமே, அது உண்மைக் கதையா? தேடிப் பிடித்துப் பார்க்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படத்தைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கிடந்தவன் நான். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயர் 'ஆரியா த்லா அத்லெத்தி'. ஒரு பயில்வானுக்கான ஆரியா என்று பொருள். ஓபராவில் கதை சற்று நின்றுகொள்ள, ஒருவர் மட்டும் முன்னால் வந்து தன் மனத்தைக் கொட்டிப் பாடுகிற பாட்டுக்குத்தான் ஆரியா என்று பெயர். படம் 1979-இல் வந்தது. இயக்குநர் ஃபிலிப் பயோன், 1947-இல் பொஸ்னானில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார், கதை எழுதிப் புத்தகம் போட்டார், அதன் பிறகுதான் வூச் நகரத்துத் திரைப்படப் பள்ளிக்குப் போனார். தொலைக்காட்சிக்குச் சில படங்கள் எடுத்தபின், திரையரங்குக்கென்று அவர் எடுத்த முதல் படம் இது. முதல் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் தெருவையும் தங்கள் தலைமுறையையும் எடுப்பார்கள். இவர் எடுத்த எடுப்பிலேயே எண்பது ஆண்டு பின்னால் போய், சர்க்கஸ் கூடாரத்தையும் மரத்தூள் பரப்பிய கோதாவையும் கையில் எடுத்துக்கொண்டார்.

கதையைச் சுருக்கமாக மட்டும் சொல்கிறேன், மிச்சத்தை நீங்களே பாருங்கள். வுவாதிஸ்வாஃப் குராலெவிச் என்கிற நாட்டுப்புறத்துப் பையன், உடம்பில் இருக்கிற பலத்தைத் தவிர வேறு சொத்து இல்லாதவன், நகரத்துக்கு வருகிறான். செரெல்லி என்பவரின் சர்க்கஸில் சேர்கிறான். அங்கிருந்து ஐரோப்பாவின் பெரிய பயில்வான்களில் ஒருவனாக உயர்கிறான். வழியில் எங்கோ ஓபரா அவனைப் பிடித்துக்கொள்கிறது. கோதாவில் எத்தனையோ பிடிகளை உதறத் தெரிந்தவனுக்கு இந்தப் பிடியை மட்டும் உதறத் தெரியவில்லை. குராலெவிச்சாக நடித்தவர் க்ஷிஷ்டோஃப் மைஹ்ஷாக். டேவிட் லிஞ்சின் 'இன்லேண்ட் எம்பயர்' பார்த்திருந்தால், அதில் அச்சமூட்டியபடி வந்துபோகும் அந்த மர்ம மனிதர் இவர்தான். சர்க்கஸ்காரர் செரெல்லியாக வருகிற ரோமன் வில்ஹெல்மி, போலந்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். போலா ரக்ஸா, வோய்ச்சேக் ப்ஷோனியாக் ஆகியோரும் படத்தில் இருக்கிறார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. குராலெவிச் என்கிற பெயரில் ஓர் உலகப் பயில்வான் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தின் சாயல் யாருடையது என்று போலந்தில் கேட்டால், ஸ்தானிஸ்வாஃப் சிகானியேவிச்சின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். குஸ்தி உலகம் அவரை 'ஸ்பிஷ்கோ' என்று அறியும். அந்தப் பெயரே ஒரு கதைப்புத்தகத்திலிருந்து வந்தது. நோபல் பரிசு பெற்ற ஹென்றிக் சென்கியேவிச்சின் சரித்திர நாவல் ஒன்றில் வரும் இளம் வீரனின் பெயர் அது. ஆகவே, புனைகதையிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட ஒரு நிஜ மனிதரிடமிருந்து, இன்னொரு புனைகதை ஆளைப் பயோன் செய்திருக்கிறார்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளாமல் படம் பாதிதான் புரியும். 1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடு வரைபடத்திலேயே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஸ்பிஷ்கோ பிறந்தது ஆஸ்திரியாவின் கையில் இருந்த கலீசியாவில். போலந்துக் குஸ்தியின் தந்தை என்று சொல்லப்படுகிற வுவாதிஸ்வாஃப் பித்லாஷின்ஸ்கி பிறந்தது ரஷ்யாவின் கையில் இருந்த வார்சாவில். இருவரும் ஒரே மொழி பேசியவர்கள், இரு வேறு பேரரசர்களின் குடிகள். பாரிஸிலோ வியன்னாவிலோ ஒரு போலந்துக்காரன் எதிராளியின் இரு தோள்களையும் தரையில் பதித்தான் என்றால், ஊரில் கொடியே இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓபராவுக்கும் இதே கதைதான். நமக்கு ஓபரா என்றால் முத்துமாலையும் வெள்ளைக் கையுறையும்தான் நினைவுக்கு வருகின்றன. வார்சாவில் அதற்கு இன்னொரு முகம் இருந்தது. ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 கிளர்ச்சி நசுக்கப்பட்ட சிறிது காலத்தில், 1865-இல், இசையமைப்பாளர் ஸ்தானிஸ்வாஃப் மொனியுஷ்கோவின் 'பேய் மாளிகை' என்கிற ஓபரா அங்கே மேடையேறியது. போலந்து மொழியில், போலந்துப் பழங்குடும்பத்து வீடும் வாளும் கடிகாரமும் மேடையில் வர, அரங்கம் பொங்கியது. மூன்றாம் நாளோடு ரஷ்யத் தணிக்கை அதை நிறுத்திவிட்டது. வெளியே துக்கம் காப்பதற்குக்கூட அனுமதி இல்லாத ஊரில், உள்ளே ஒருவர் தம் மொழியில் தொண்டை திறந்து பாடுவதைக் கேட்பது வெறும் ரசனையாக மட்டும் இருந்திருக்காது. அதே மொனியுஷ்கோவின் 'ஹல்கா', பிரபு ஒருவனிடம் ஏமாந்து போகிற மலைநாட்டுப் பெண்ணின் கதை. 'குரால்' என்றால் போலந்து மொழியில் மலைநாட்டான். நம் குராலெவிச்சின் பெயருக்குள்ளே அந்த மலைநாட்டான் ஒளிந்துகொண்டிருக்கிறான். பயோன் திட்டமிட்டுத்தான் வைத்தாரா என்று நான் வாதாடப்போவதில்லை. காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

சர்க்கஸும் ஓபராவும் ஊரின் இரு மூலைகளில் இருந்தன என்றும் நினைக்க வேண்டாம். வார்சாவில் ஓர்தினாட்ஸ்கா தெருவில் 1883 முதல் சினிசெல்லி குடும்பத்தின் சர்க்கஸ் கட்டடம் இருந்தது. நல்ல கல் கட்டடம். 1939 செப்டம்பரில் ஜெர்மனியின் குண்டுவீச்சில் அது அழிந்தது. ஓபரா நடந்த நாடகப் பேரரங்கத்திலிருந்து அங்கே நடந்தே போய்விட முடிந்தது. சர்க்கஸ் முதலாளிக்குச் செரெல்லி என்று இத்தாலியப் பெயர் இருப்பது ஏன் என்று உங்களுக்குத் தோன்றினால், இந்தச் சினிசெல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரையும் கோமாளியும் ஓய்ந்தபின், இரவு நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியாகக் குஸ்தி நடக்கும். எல்லாப் பயில்வான்களும் முதலில் வரிசையாக வலம் வருவார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயரையும் எடையையும் வென்ற பதக்கங்களையும் நீட்டி முழக்குவார். பந்தயம் ஒரே நாளில் முடியாது, வாரக்கணக்கில் நீளும். ஒருநாள் முகமூடி அணிந்த ஒருவன் சவால் விட்டுக்கொண்டு உள்ளே நுழைவான், மறுநாள் டிக்கெட் கிடைக்காது.

ஆடப்பட்டது கிரேக்க-ரோமானிய முறை. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலை வாரக் கூடாது. கோதாவுக்கு வெளியே காலை வாருவதற்குத் தடை எதுவும் இல்லை என்பதுதான் கதை.

ஆம், அந்தச் சர்க்கஸ் குஸ்தியில் பெரும்பகுதி முன்கூட்டிப் பேசி முடிக்கப்பட்டது. யார் எத்தனையாவது நிமிடத்தில் விழ வேண்டும், எந்த ஊரில் யார் ஜெயித்தால் வசூல் ஏறும் என்பதெல்லாம் கணக்கு. ரஷ்ய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1928-இல் இதைப் பற்றி ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்டு முழுவதும் முதலாளி சொன்னபடி விழுந்து எழுகிற பயில்வான்கள், ஆண்டுக்கொரு முறை ஹாம்பர்க் நகரத்து விடுதி ஒன்றில் கூடுவார்களாம். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, பார்வையாளர் யாரும் இல்லாமல், உண்மையாகவே மோதுவார்களாம். நீண்டு, அழகில்லாமல், சிரமப்பட்டு நடக்கிற சண்டை. யார் நிஜத்தில் எத்தனையாவது ஆள் என்று தங்களுக்குள் தெரிந்துகொள்வதற்காக மட்டும். வெறும் கட்டுக்கதையாகக்கூட இருக்கலாம். ஆனால் 'ஹாம்பர்க் கணக்குப்படி' என்கிற தொடர் ரஷ்ய மொழியில் இன்றும் இருக்கிறது. புகழையும் பரிசையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் உண்மையான மதிப்பு என்ன என்று அதற்குப் பொருள்.

என் பார்வையில் இந்தப் படத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பயில்வானுக்கு எதற்கு ஓபரா என்ற கேள்வியைப் பலர் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். முரட்டு உடம்பு, மென்மையான உள்ளம் என்று நாம் நூறு படங்களில் பார்த்துச் சலித்த சங்கதியாகச் சுருக்கிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓபராவிலும் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதுதான். கதாநாயகி ஒவ்வொரு இரவும் அதே சுருதியில்தான் சாகிறாள். யாரும் எழுந்து நின்று, இது ஏமாற்று, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கத்துவதில்லை. முடிவு தெரிந்த பின்னும் அழுகிறார்கள். கோதாவில் அதே காரியத்தைச் செய்கிறவனுக்கோ பொய்யன் என்று பெயர். எழுதிவைத்த முடிவை நோக்கிப் போனாலும் ஒருவன் பொய்யனாகாமல் இருக்க முடியும் என்று ஓபரா அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அந்த மயக்கத்துக்கு வேறு காரணம் தேட எனக்குத் தேவைப்படவில்லை.

உடம்பின் கணக்கும் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், வாத்தியக்குழுவைத் தாண்டி, ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற அரங்கத்தின் கடைசி வரிசை வரை ஒரு மனிதக் குரல் போய்ச்சேர வேண்டும். மூச்சு, விலா, கழுத்து, வயிறு எல்லாம் அதற்கு வேலை செய்கின்றன. தோள் தரையில் படாமல் இருக்க, தலையையும் பாதத்தையும் மட்டும் ஊன்றி உடலை வில்லாக வளைத்துப் பாலம் போட்டு நிற்கிற பயில்வானுக்கும் அதே கழுத்து, அதே மூச்சு. பாடகன் எங்கே சிரமப்படுகிறான் என்பது கூட்டத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

இப்போது ஒரு சின்னத் திருப்பம். இத்தாலிய இசையமைப்பாளர் பூச்சினியின் 'தோஸ்கா' என்கிற ஓபரா 1900 ஜனவரியில் ரோமில் முதன்முறை மேடையேறியது, அதாவது இந்தக் குஸ்தி யுகத்தின் உச்சத்தில். அதன் கடைசி அங்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காவல்துறைத் தலைவன் ஸ்கார்பியா, தோஸ்காவின் காதலனைச் சுட்டுக் கொல்வதாகப் பாவனை மட்டும்தான் நடக்கும், துப்பாக்கியில் குண்டு இருக்காது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். எப்படி விழ வேண்டும் என்று அவளே காதலனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். துப்பாக்கிகள் வெடிக்கின்றன, அவன் விழுகிறான், எவ்வளவு அழகாக நடிக்கிறான் என்று அவள் வியக்கிறாள். குண்டு நிஜமானது.

இதையே ஸ்பிஷ்கோ 1925-இல் நிஜக் கோதாவில் செய்தார். நெப்ராஸ்காவின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் வெய்ன் மன், ஆறரை அடி உயரம். குஸ்தி பெரிதாகத் தெரியாது. பார்ப்பதற்குப் பிரமாதமாக இருக்கிறார் என்பதற்காக அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் அவரை உலகச் சாம்பியன் ஆக்கியிருந்தார்கள். அவருக்குப் பெருமை சேர்க்க, பெயர் பெற்ற ஒரு முதிய பயில்வான் அவரிடம் தோற்றுக் கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்தை ஒட்டிய வயதில் இருந்த ஸ்பிஷ்கோவைப் பிடித்தார்கள். ஏப்ரல் 15, ஃபிலடெல்ஃபியா. மணி அடித்தது. ஸ்பிஷ்கோ நிஜமாகவே பிடி போடத் தொடங்கினார். மன் எழுவதற்குள் மறுபடி தரையில். நடுவர் கண்டும் காணாமல் இருக்கப் பார்த்தார். ஆயிரக்கணக்கானோர் பார்க்க, தோள் தரையில் கிடப்பதை எத்தனை தடவை மறைப்பது? பட்டம் கைமாறியது. எதிர்முகாம் ஏற்பாட்டாளர்களோடு ஸ்பிஷ்கோ முன்பே பேசி வைத்திருந்தார் என்றுதான் குஸ்தி வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதமே அந்த முகாமின் ஜோ ஸ்டெச்சரிடம் அவர் பட்டத்தை இழந்தது அதற்குப் பொருந்திவருகிறது. ஆக, அதுவும் சுத்தமான வீரம் இல்லை. ஒரு பொய்யை உடைத்த நிஜம், இன்னொரு ஏற்பாட்டுக்காக நடந்தது. பயோன் வரைகிற உலகத்தின் காற்று இதுதான்.

ஸ்பிஷ்கோவின் பெயர் இந்தியாவில் வேறொரு வழியாகத் தெரிந்திருக்கும். காமா பயில்வானின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் காமாவை எதிர்த்து நின்றவர் இவர்தான். நின்றவர் என்பது தவறு, படுத்தவர். காமாவின் வேகத்தைப் பார்த்ததும் குப்புறப் படுத்துத் தரையோடு ஒட்டிக்கொண்டார். எடையில் காமாவைவிட மிகவும் கனத்தவர். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் காமா அந்த மலையைப் புரட்டப் பார்த்தார், முடியவில்லை. முடிவு இல்லாமல் ஆட்டம் கலைந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஷ்கோ வரவே இல்லை, வெற்றி காமாவுக்குப் போனது. பதினேழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1928 ஜனவரியில், பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். இந்த முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்பிஷ்கோ மல்லாந்துவிட்டார். இத்தனை தூரம் கப்பலேறி வந்து அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது அவருக்குப் பெருமைதான் என்பேன். பாட்டியாலாதான் அவருடைய ஹாம்பர்க்.

படம் ஏன் மறக்கப்பட்டது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1979 போலந்துச் சினிமாவுக்கு அசாதாரணமான ஆண்டு. க்ஷிஷ்டோஃப் கீஷ்லோவ்ஸ்கியின் 'அமெச்சூர்' அந்த ஆண்டுதான் வந்தது, க்தான்ஸ்க் திரைப்பட விழாவில் முதல் பரிசை எடுத்துக்கொண்டது. அக்னியெஷ்கா ஹோலந்தின் 'நாட்டுப்புற நடிகர்கள்' அதே ஆண்டு. இரண்டு ஆண்டு முன்பு ஆந்த்ஷே வைதாவின் 'பளிங்கு மனிதன்' தணிக்கையோடு மல்லுக்கட்டி வெளிவந்திருந்தது. 'ஒழுக்கப் பதற்றத்தின் சினிமா' என்று போலந்தில் பெயர் சூட்டப்பட்ட அலை அது. சிறு நகரம், சாம்பல் நிற அலுவலகம், மேலதிகாரியிடம் வளைந்துகொடுக்கலாமா கூடாதா என்று தவிக்கிற நடுத்தர மனிதன். கூட்டம் திரையில் தன்னைப் பார்க்க விரும்பிய நேரம். அடுத்த ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் தளத்தில் வேலைநிறுத்தம், பிறகு சாலிடாரிட்டி என்கிற சுதந்திரத் தொழிற்சங்கம், 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம். இந்தச் சூட்டில், வண்ண விளக்கும் வாசனைத் தைலமும் பூசிய ஒரு சர்க்கஸ் படத்தை யார் தூக்கிப் பிடிப்பார்கள்? அழகுக்காக அழகு என்று ஒதுக்கிவிடுவது எளிதாக இருந்தது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. சொன்னபடி விழு, சம்பளம் உண்டு என்று முதலாளி சொல்கிற உலகம், 1979 போலந்தில் உட்கார்ந்திருந்தவனுக்குப் புரியாமல் போயிருக்குமா? மற்றவர்கள் அலுவலகத்தில் வைத்துச் சொன்னதைப் பயோன் கோதாவில் வைத்துச் சொன்னார்.

குறையும் உண்டு. அலங்காரத்தின் மீது இயக்குநருக்கு இருக்கிற மோகம் சில இடங்களில் மனிதர்களை மறைக்கிறது. உருவாக்கிய உலகத்தை விட்டு வெளியே வர மனமில்லாதவர் போலத் தோன்றும். பயோன் அதன் பிறகும் சரித்திரத்தை விடவில்லை. 1901-இல் பிரஷ்யப் பகுதியில் போலந்துப் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் வேதபாடம் சொல்ல மறுத்த நிகழ்வை அடுத்து எடுத்தார். 1987-இல் வந்த 'மக்னாத்' அவருடைய படங்களில் வெளிநாட்டிலும் ஓரளவு பேர் பெற்றது. ஆனால் முதல் படத்தில் இருந்த அந்த அதிகப்பிரசங்கித்தனம்தான் எனக்குப் பிடித்தது.

பார்ப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஜூல்ஸ் டாசின் 1950-இல் லண்டனில் எடுத்த 'நைட் அண்ட் த சிட்டி'யை முதலில் பார்த்துவிடுங்கள், கிடைப்பதும் எளிது. அதில் கிரெகோரியஸ் என்று ஒரு முதிய பயில்வான் வருவார். அவருடைய மகனே நகரத்தில் போலிக் குஸ்தி நடத்திக் காசு பார்க்கிறான். கிழவருக்கு அது அருவருப்பு, கிரேக்க-ரோமானிய முறைதான் கலை என்கிறார். பாதிப் படத்துக்கு மேல், ஆத்திரத்தில் ஒரு சின்னப் பயிற்சிக் கூடத்தில், டிக்கெட் வாங்கிய கூட்டம் எதுவும் இல்லாமல், தன்னைவிட வெகு இளையவன் ஒருவனோடு நிஜமாக மோதுகிறார். ஜெயிக்கிறார், அந்த உழைப்பிலேயே சாகிறார். அந்தக் கிரெகோரியஸாக நடித்தவர் ஸ்பிஷ்கோ, எழுபதை ஒட்டிய வயதில். அவருடைய கழுத்தையும் காதையும் அருகிலிருந்து பார்த்த பிறகு மைஹ்ஷாக்கின் குராலெவிச்சைப் பாருங்கள். படம் முடிந்து ஸ்பிஷ்கோ மிசூரியில் தம்பியோடு வைத்திருந்த பண்ணைக்குத் திரும்பிப் போனார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய சாம்பியனாக விளங்கிய ஹார்லி ரேஸ், பதின்ம வயதுப் பையனாக அந்தப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டேதான் இந்தச் சகோதரர்களிடம் பிடிகளைக் கற்றுக்கொண்டார்.